ஓசையைத் தருவது வாட் அல்ல, பெட்டி!

"5000 வாட்!"

கடைத் தெருவில் ஒரு சின்னப் பெட்டி. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் இப்படி அச்சிட்டிருக்கிறது. விலையும் மலிவு. வாலிபர் ஒருவர் ஆசையோடு அதை வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டில் வைத்துப் பாட விடுகிறார்.

முதலில் பாட்டு வருகிறது. பொத்தானைத் திருகத் திருகப் பாட்டு மறைகிறது, இரைச்சல் வருகிறது. தவில் ஒலி தவில் ஒலியாக இல்லை. தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கிறது.

அந்த 5000 வாட் எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை. முதலிலிருந்தே அந்தப் பெட்டியில் அது கிடையாது!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பெட்டியோடு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் ஒன்று வரும். அதன் மேல் "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்பதுபோல் எழுதியிருக்கும். 12ஐ 2ஆல் பெருக்கினால் 24. அதாவது, உள்ளே போவது 24 வாட். கண் இமைக்கும் நேரத்துக்கு அது கொஞ்சம் கூடலாம். அவ்வளவுதான். உள்ளே 24 போனால் வெளியே 5000 எப்படி வரும்? உழக்கு அரிசியை உலையில் போட்டு ஊருக்கே சோறு வடிக்க முடியுமா?

5000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "பி.எம்.பி.ஓ." என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த அளவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு எதுவும் இல்லை. விற்பவர் விருப்பப்படி போடும் எண் அது. "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் வாட்தான் தொடர்ந்து கிடைக்கும் உண்மையான வாட்.

மலிவான செலவில், உரத்த குரலில், தெளிவாகப் பாட்டுக் கேட்க வேண்டும். இந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு வாட் எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு நல்ல மரப்பெட்டியைத் தானே செய்துகொள்வதுதான் ஏழை, நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. அப்படிச் செய்தவர், அதை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்தான் அது வேலை. ஒன்று மட்டும் இருந்தால் அது வினை!

வாட்டின் ரகசியம்

ஓசையை அளக்கும் அளவுக்கு டெசிபல் என்று பெயர்.

10 வாட் ஆம்பிளிபயரை எடுத்துவிட்டு 20 வாட் ஆம்பிளிபயர் வைத்தால் ஓசை இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று காது சொல்லும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். 10 வாட் இருந்த இடத்தில் 100 வாட் வேண்டும்!

இது பணக்காரர் வழி.

இன்னொரு வழி இருக்கிறது. எல்லா ஸ்பீக்கரும் ஒன்றுபோல் பாடுவதில்லை. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால், ஒரு ஸ்பீக்கர் 85 டெசிபல் தரும். மற்றொன்று 95 டெசிபல் தரும். ஸ்பீக்கரோடு வரும் தாளில் இந்த எண் அச்சிட்டிருக்கும். வாட் எண்ணைப் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர். இந்த எண்ணைப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

95 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுத்தால் வரும் ஓசை, 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால்தான் வரும். ஆம்பிளிபயருக்குச் செலவழிக்கும் பணத்தை ஸ்பீக்கரிலேயே மிச்சம் பிடித்துவிடலாம்.

95 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை வீட்டுக் கூடத்தில் வைத்து, ஒரே ஒரு வாட் கொடுத்தால் என்ன ஆகும்? பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் ஏறக்குறைய 85 முதல் 90 டெசிபல் விழும். எதிரில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டிய அளவு ஓசை அது.

ஒரு வாட்டுக்கு இவ்வளவு! மேளம் அதிரும் இடத்தில் மட்டும் பத்து மடங்கு, இருபது மடங்கு மின்சாரம் தேவைப்படும். அதற்கு 20 வாட் உண்மையான ஆம்பிளிபயர் போதும். 5000 எதற்கு?

மூன்றில் இரண்டுதான்!

அப்படியானால் கையடக்கமான சின்னப் பெட்டியிலேயே 95 டெசிபல் ஸ்பீக்கரை வைத்துவிடலாமே என்று கேட்கலாம்.

அங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது.

ஒலிபெருக்கிப் பொறியாளர்களிடையே ஒரு விதி உண்டு. ஹாப்மன் என்ற அமெரிக்க நிபுணரின் பெயரால் அதை "இரும்பு விதி" என்கிறார்கள். சின்னப் பெட்டி, ஆழமான தாள ஒலி, குறைந்த வாட்டில் உரத்த ஓசை என மூன்று வரங்கள். இவற்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்றாவது கிடைக்காது. கோடி ரூபாய் கொட்டினாலும் கிடைக்காது.

காரணம் எளிது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே ஓசைக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 3 அங்குலக் கூம்பு எவ்வளவுதான் அசையும்? 10 அங்குலக் கூம்பின் பரப்பு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அது மெல்ல அசைந்தாலே போதும். ஆனால் பெரிய கூம்புக்குப் பின்னால் நிறையக் காற்று வேண்டும். நெருக்கமான பெட்டியில் அடைத்தால் அது மூச்சுத் திணறும்.

பெரிய கம்பெனிகள் பெட்டியைச் சிறிதாக்கவே பாடுபடுகின்றன. லாரியில் ஏற்ற இடம் மிச்சம். கடை அலமாரியில் இடம் மிச்சம். வீட்டில் தானே பெட்டி செய்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அவரிடம் மரம் இருக்கிறது, கை இருக்கிறது, கூடத்து மூலையில் ஒரு சதுர அடி இடம் இருக்கிறது. மூன்று வரங்களில் "சின்னப் பெட்டி" என்பதை அவர் துணிந்து விட்டுவிடலாம். மற்ற இரண்டும் மலிவாகக் கிடைக்கும்.

பெட்டி எதற்கு?

காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கரை 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் ஊமத்தம்பூப்போல் நீண்ட குழாய்தான் ஒலியைப் பெருக்கி வந்தது. இன்று உலகில் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இந்த இருவர் காட்டிய வழியில் ஓடுகின்றன.

கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரி. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். முதலில் சாவது தாள ஒலிதான். பெட்டியில்லாத ஸ்பீக்கர் கீச்சுக் குரலில் பாடுவது இதனால்தான். பெட்டி அந்த இரண்டு பேரையும் பிரித்து வைக்கிறது.

பின்பக்கத்து ஒலி முழுவதும் வீணா? இல்லை. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் ஒரு யுக்தி செய்தார். பெட்டியில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்தார். பின்பக்கத்து ஒலி அந்தக் குழாய் வழியாக, முன்பக்கத்து ஒலிக்குத் துணையாக வெளியே வந்தது! 1932இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார்.

வாய் குறுகிய புட்டியின் விளிம்பில் ஊதினால் "பூம்" என்று ஒரு ஒலி வரும். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது. புட்டி பெரிதானால் ஒலி கனக்கும். குழாய் வைத்த பெட்டியும் அப்படித்தான்.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பது நீண்ட காலம் குருட்டுக் கணக்காக இருந்தது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் அதற்கு ஒரு முறை வகுத்தார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கினார். இன்று நல்ல ஸ்பீக்கர்களோடு வரும் தாளில் இந்த இருவர் பெயரால் சில எண்கள் இருக்கும். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், பெட்டியின் அளவை இலவசமாகவே கணக்கிட்டுத் தரும்.

நூறு ஆண்டு அறிவு இன்று இனாமாகக் கிடைக்கிறது. வாங்க வேண்டியது பலகையும் ஸ்பீக்கரும் ஆம்பிளிபயரும்தான்!

ஏழைகள் செய்த ஆனந்த வீடு

கையால் செய்த பெட்டியால் என்ன பெரிய காரியம் நடந்துவிடும் என்று கேட்பவர்கள் ஜமைக்காவைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்தால் தமிழ்நாட்டில் பலருக்கும் பெயர் தெரிந்த மேற்கிந்தியத் தீவு அது.

அதன் தலைநகரம் கிங்ஸ்டன். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். வாத்தியக் கோஷ்டியை அமர்த்தி நடனம் பார்க்க ஏழைகளிடம் காசு இல்லை. ஆனால் ஆட வேண்டும், பாட வேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தது.

ஹெட்லி ஜோன்ஸ் என்ற ஜமைக்காக்காரர் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் அந்த அறிவைக் கொண்டு ஆம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். டாம் வாங் என்ற இரும்புச் சாமான் கடைக்காரர் அவரிடம் ஒன்று செய்து வாங்கினார். 1940களின் பிற்பகுதியில் நடந்த சங்கதி இது. வாங் நடத்திய இசைக் கச்சேரிகளுக்குக் கூட்டம் அலைமோதியது. அதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள்.

பிளைவுட் பலகையில் துணி பீரோ அளவுக்குப் பெட்டிகள் செய்தார்கள். அந்தப் பெட்டிக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் "ஆனந்த வீடு"!

திறந்தவெளியில் பெட்டிகளை நிறுத்தி இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். யார் பெட்டி நன்றாகப் பாடுகிறது என்று போட்டி நடந்தது. முதலில் அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டார்கள். பிறகு, சொந்த ஊர்ப் பாடகர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்தார்கள். பெட்டி வைத்துக் கச்சேரி நடத்திய கிளமென்ட் டாட், 1963இல் "ஸ்டுடியோ ஒன்" என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். ரேடியோ ரிப்பேர் செய்து வந்த கிங் டப்பி, தன் கையாலேயே கருவிகளை அமைத்து ஒலிப்பதிவில் புது வழி கண்டார்.

இவர்கள் மூட்டிய அடுப்பில் வெந்ததுதான் "ரெகே" இசை. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

கம்பெனிப் பெட்டி வாங்கக் காசு சேரட்டும் என்று கிங்ஸ்டன் ஏழைகள் காத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பெட்டிகள் பெருகின, இரவெல்லாம் ஊர் அதிர்ந்தது. 1997இல் ஜமைக்கா அரசு ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தது. 100 மீட்டருக்கு அப்பால் கேட்டு, பிறருக்குத் தொல்லை தரும் ஓசை குற்றம் என்றது. இரவில் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்றும் வகுத்தது. பெட்டியைப் போற்றிய நாடே, பெட்டிக்கு வேலியும் போட்டது!

ஒரு பலகை, இரண்டு கோபுரம்

வீட்டுக்கு பீரோ அளவுப் பெட்டி வேண்டாம். கோபுரம்போல் ஒல்லியாக, உயரமாக இரண்டு பெட்டி போதும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பிளைவுட் பலகை ஒன்று எட்டடி நீளம், நாலடி அகலம். 18 மில்லிமீட்டர் கனம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதை நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு நான்கு பட்டையாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு மீட்டர் நீளத் துண்டு இரண்டு கிடைக்கும். ஆக மொத்தம் எட்டுத் துண்டு. அவற்றில் நான்கை முன்பலகை, பின்பலகையாக வைத்துக்கொண்டு, மற்ற நான்கின் அகலத்தைப் பக்கப்பலகைக்காக 26.4 சென்டிமீட்டராகக் குறைத்துவிட வேண்டும். மிஞ்சும் துண்டுகளில் மேல்மூடியும் அடிப்பலகையும் கிடைக்கும்.

ஒரே பலகையில் இரண்டு கோபுரம்! ஒவ்வொன்றும் வெளியே 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், ஒரு மீட்டர் உயரம். உள்ளே சுமார் 67 லிட்டர் காற்று. 10 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இது தாராளம்.

10 சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம் வெட்டி முன்பலகையின் அடியில் பொருத்தினால், விநாடிக்குச் சுமார் 45 அதிர்வுள்ள கனத்த ஒலிக்கு அது துணை நிற்கும். ஸ்பீக்கரின் தாளைப் பார்த்து இந்த நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். அதற்கும் மேலே கீச்சு ஒலிக்கான டுவீட்டர். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு அது வந்துவிடும். டுவீட்டருக்கு முன்னால் கண்டென்சர் கட்டாயம். கண்டென்சர் இல்லாவிட்டால் தாள ஒலியின் மின்சாரம் பாய்ந்து டுவீட்டர் கருகிவிடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "பெரிய சத்தம்" என்று நினைத்துக் காரில் வைக்கும் சப்வூபரை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. அது சின்னப் பெட்டிக்காகச் செய்தது. நிறைய வாட்டைத் தின்னும், குறைவாகவே பாடும். மைக்செட்காரர்கள் பயன்படுத்தும் வகைக் காகிதக் கூம்பு ஸ்பீக்கரே இதற்கு ஏற்றது.

ஊசி நுழையும் இடுக்குக்கூட இல்லாமல் மூட்டுகளைப் பசையால் அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் "புஸ் புஸ்" என்று சீறும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தால் பலகை அதிராது. உள்சுவரில் கனத்த கம்பளித் துணி ஒட்டினால் எதிரொலி அடங்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் ஒன்று முக்கியம். ஒரு கோபுரத்தின் பலகை மட்டும் சுமார் 15 கிலோ. குழந்தை பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். அடியில் அகலமான பீடம் வைக்க வேண்டும். அல்லது பின்னால் சுவரோடு பிணைக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் கைவைக்கத் தெரியாதவர்கள், 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஆம்பிளிபயரை ஆயத்தமாக வாங்கிக்கொள்வதே நல்லது. இசை கேட்கச் செய்யும் வேலை இழவில் முடியக் கூடாது.

"கடையில் வாங்கினால் போதாதா?"

போதாதா என்றால், சிலருக்குப் போதும். சின்ன அறையில் மெதுவாகப் பாட்டுக் கேட்பவருக்கு நல்ல கம்பெனியின் சின்னப் பெட்டியே போதும். அவர் மரம் அறுக்க வேண்டியதில்லை.

ஆனால் உரக்கக் கேட்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது. உரக்கவும் ஆழமாகவும் பாடும் பெட்டியைக் கடையில் கேட்டால், விலை கையைச் சுடும்.

இன்னொரு லாபமும் உண்டு. பிளாஸ்டிக்கில் ஒட்டி மூடிய பெட்டி கெட்டுப்போனால் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. திருகாணி போட்ட மரப்பெட்டியைத் திறக்கலாம். கிழிந்த கூம்பை மாற்றலாம். ஆம்பிளிபயர் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பலகை பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

அந்தப் பெட்டியைச் செய்யும்போது பள்ளிக்கூடப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். கன அளவு, மின்சாரம், ஒலி மூன்றும் புத்தகத்திலிருந்து இறங்கி அதன் கைக்கு வந்துவிடும். நீளம், அகலம், உயரம் பெருக்கி லிட்டர் கண்டுபிடித்த பிள்ளை, அந்தக் கணக்கை எந்தப் பரீட்சையிலும் மறக்காது.

நல்ல பெட்டியின் ஆபத்து

இனிமேல்தான் முக்கியமான சங்கதி.

மட்டமான பெட்டி, அளவு மீறினால் கத்தும், கரகரக்கும். "போதும், குறை" என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுவார்கள். நல்ல பெட்டி அப்படிக் கத்தாது. 95 டெசிபலிலும் தெளிவாக, இனிமையாகப் பாடும். உரக்க இருப்பதே தெரியாது. இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று கை போகும்.

காதுக்கு இனிமை தெரியும், ஆபத்து தெரியாது!

வாரத்துக்கு 80 டெசிபல் ஓசையை 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணி. 92 என்றால் இரண்டரை மணி. 95 என்றால் ஒன்றேகால் மணி. 101 என்றால் வாரம் முழுவதற்குமே 20 நிமிஷம்கூட இல்லை! இது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்குத் தொடக்கமே 75 டெசிபல்தான்.

காதுக்குள் நத்தை ஓடுபோன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஓசையை உணரும் நுண்ணிய முடியணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம். பிறக்கும்போது வந்த முதல் அதுதான். செத்த அணு மறுபடி முளைக்காது. பல் விழுந்தால் கட்டலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடலாம். போன முடியணுவைக் கொண்டுவர இன்றுவரை மருந்து இல்லை.

ஆகவே, பெட்டி செய்கிறவர் மரம் அளக்க ஒரு கோல் வைத்திருப்பதுபோல், ஓசை அளக்கவும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஓசை அளக்கும் செயலி உண்டு. அது துல்லியமாக இல்லாவிட்டாலும் தோராயமாகக் காட்டும். எப்போதும் உட்காரும் இடத்தில் வைத்து அளந்து, 80 வரும் இடத்தில் ஆம்பிளிபயர் பொத்தானுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சிவப்புக் கோடு!

கருவி இல்லாதவருக்கும் வழி உண்டு. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் ஓசை அளவு மீறிவிட்டது. பாட்டை நிறுத்திய பிறகு காதில் "ஙொய்" என்று ரீங்காரம் கேட்டால், காது புகார் செய்கிறது என்று பொருள். அந்தப் புகாரைத் தள்ளக் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

வீட்டில் ஒருவர் கேட்க, தெருவில் பத்து வீடு கேட்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அவை அளவு வகுத்தன. சொந்த வீட்டில் வைக்கும் பெட்டியின் ஓசை, வீட்டு எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. "என் வீடு, என் பெட்டி" என்ற வாதம் எல்லைக் கோடுவரைதான் செல்லும்.

கீச்சு ஒலியைச் சுவர் தடுத்துவிடும். கனத்த தாள ஒலியைத் தடுக்காது. அது சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் பாட்டு. அந்தப் பக்கம் "தும், தும்" என்ற இடி மட்டும். அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்கும் தொழிலாளி இருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டி இருக்கலாம்.

ஒட்டு வீட்டில் குடியிருப்பவர், பொதுச் சுவரை விட்டு விலக்கிப் பெட்டியை வைக்க வேண்டும். பீடத்துக்கு அடியில் கனத்த ரப்பர் வைக்க வேண்டும். பண்டிகை நாளில் உரக்க வைப்பதானால், முதல்நாளே அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கேட்டவரும் முகம் சுளிக்க மாட்டார். அவரே வந்து உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனாலும் போவார்!

எது சாமர்த்தியம்?

நல்ல இசை, பணம் படைத்தவர் வீட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஒரு பலகை, இரண்டு ஸ்பீக்கர், இரண்டு டுவீட்டர், 20 வாட் ஆம்பிளிபயர், நாலு நாள் உழைப்பு. இவ்வளவு இருந்தால் ஓலைக் கொட்டகையிலும் நாகஸ்வரம் நாகஸ்வரமாகவே ஒலிக்கும். அட்டையில் அச்சிட்ட ஆயிரக் கணக்கான வாட்டைக் கண்டு மயங்குகிற குடும்பம் அந்த இசையை இழக்கிறது, பணத்தையும் இழக்கிறது.

கையால் பெட்டி செய்தவருக்கு அதன் பலம் தெரியும். பலம் தெரிந்தவருக்கு நிதானமும் வர வேண்டும். காளையை வளர்ப்பவனே அதற்கு மூக்கணாங்கயிறும் போடுகிறான்.

பெட்டி பெரிதாக இருக்கட்டும். பொத்தான் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் இருக்கட்டும். அப்போது எழுபது வயதிலும் அதே பெட்டியில் அதே பாட்டைக் கேட்கக் காது இருக்கும்!